கல்லீரலுக்குப் போடும் மாத்திரையால் கொலஸ்ட்ரால் ஏறுமா? பித்த அமில மருந்துகள் செய்வது என்ன?

'ஒகாலிவா' என்ற கல்லீரல் மாத்திரையை அமெரிக்கச் சந்தையில் இருந்து திரும்பப் பெறுவதாக இன்டர்செப்ட் நிறுவனம் 2025 செப்டம்பரில் அறிவித்தது. 2016-ல் அனுமதி பெற்ற மருந்து இது. கல்லீரலுக்கே பாதிப்பு வரலாம் என்ற அச்சம்தான் முக்கியக் காரணம். ஆனால் இந்த மாத்திரையோடு இன்னொரு சிக்கலும் முதலில் இருந்தே ஒட்டிக்கொண்டு வந்தது. இதைச் சாப்பிட்டவர்களுக்கு எல்டிஎல் எனும் கெட்ட கொலஸ்ட்ரால் ஏறியது, எச்டிஎல் எனும் நல்ல கொலஸ்ட்ரால் இறங்கியது.

இதில் ஆச்சரியம் என்னன்னா, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் பழைய மருந்துகளில் ஒன்றும் பித்த அமிலத்தை வைத்துத்தான் வேலை செய்கிறது. ஒன்று ஏற்றுகிறது, ஒன்று இறக்குகிறது. எப்படி?

பித்தம் தலைக்கு ஏறிடுச்சுன்னு வீட்டில் சொல்வாங்களே, அந்தப் பித்தம் இல்லை இது. கொழுப்பைச் செரிக்க வைக்க கல்லீரல் சுரக்கும் பித்தநீர். அதில் உள்ள பித்த அமிலத்தைக் கல்லீரல் கொலஸ்ட்ராலில் இருந்துதான் தயாரிக்கிறது.

கோலி சோடா கடையை நினைச்சுக்கோங்க. காலி பாட்டில் திரும்பி வந்துகொண்டே இருந்தால் புது பாட்டில் வாங்கத் தேவையில்லை. பித்த அமிலமும் அப்படித்தான். குடலில் வேலை முடிந்ததும் சுமார் 95 சதவீதம் உறிஞ்சப்பட்டு கல்லீரலுக்கே திரும்பிவிடும். மீதி மலத்தோடு போகும். அந்த இழப்பை ஈடுகட்டத்தான் கல்லீரல் தினமும் சுமார் அரை கிராம் கொலஸ்ட்ராலைச் செலவழிக்கிறது.

பாட்டில் திரும்பி வராவிட்டால்?

கொலஸ்டிரமின் என்ற பவுடர் ரத்தத்தில் கலக்காது. குடலிலேயே பித்த அமிலத்தைப் பிடித்துக்கொண்டு வெளியேறிவிடும். புதிதாகத் தயாரிக்க வேண்டிய கட்டாயத்தில் கல்லீரல் ரத்தத்தில் இருந்து எல்டிஎல்-ஐ இழுத்துக்கொள்கிறது. அமெரிக்காவில் 3,806 ஆண்களிடம் சராசரியாக 7 ஆண்டுகளுக்கு மேல் நடந்த ஆய்வின் முடிவு 1984-ல் வெளியானது. பவுடர் சாப்பிட்டவர்களிடம் மாரடைப்பும் இதயநோய் மரணமும் சேர்த்து 19 சதவீதம் குறைவு. கொலஸ்ட்ராலைக் குறைத்தால் இதயம் தப்பிக்கும் என்பதற்குப் பெரிய ஆதாரம் கிடைத்தது அப்போதுதான். முதல் ஸ்டாட்டின் மாத்திரை அமெரிக்காவில் அனுமதி பெற்றதே 1987-ல்தான்.

ஆனால் நாளுக்கு 24 கிராம் வரை மணல் மாதிரி இருக்கும் பவுடரைக் கரைத்துக் குடிக்கணும், மலச்சிக்கல் வேற. ஸ்டாட்டின் வந்ததும் இது பின்னால் போனதில் வியப்பில்லை.

பாட்டில் நிறைந்துவிட்டால்?

1981-ல் வெளியான இன்னொரு அமெரிக்க ஆய்வில், பித்தப்பைக் கல்லைக் கரைக்க 'கீனோ' எனும் பித்த அமிலத்தை மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். எல்டிஎல் ஏறியது. ஏன் என்பதற்கான முக்கியத் துப்பு 1999-ல் கிடைத்தது. பித்த அமிலத்தின் அளவைக் கவனிக்கும் எஃப்எக்ஸ்ஆர் என்ற சென்சார் செல்களுக்குள் இருக்கிறது. 'போதும், ஸ்டாக் இருக்கு' என்று அது சொன்னால் கல்லீரல் உற்பத்தியை நிறுத்திவிடும். செலவாகாத கொலஸ்ட்ரால் தேங்கும், ரத்தத்தில் எல்டிஎல் கூடும்.

ஒகாலிவாவில் இருப்பது அதே கீனோ அமிலத்தை மாற்றியமைத்து, அந்த சென்சாரை இன்னும் பலமாகத் தட்டும்படி செய்த ஒபெடிகோலிக் அமிலம். கொழுப்புக் கல்லீரல் நோயாளிகள் 283 பேரிடம் நடந்த ஆய்வில் கல்லீரல் தேறியது, எல்டிஎல் ஏறியது. இவர்களில் பலருக்கு ஏற்கெனவே சர்க்கரையும் பருமனும் உண்டு. கல்லீரலைக் காப்பாற்றப் போய் இதயத்துக்குச் சுமை ஏற்றலாமா என்ற கேள்வி அதனால்தான் வந்தது. ஸ்டாட்டின் சேர்த்தால் எல்டிஎல் இறங்கியது உண்மைதான். இருந்தும் அமெரிக்காவின் எஃப்டிஏ, கொழுப்புக் கல்லீரலுக்கு இந்த மருந்தை 2023-ல் அனுமதிக்கவில்லை.

சரி, நம்ம ஊர் சீட்டில் இருக்கும் 'உர்சோ'?

உர்சோடியாக்சிகோலிக் அமிலமும் பித்த அமிலம்தான். கரடியின் பித்தத்தில் நிறைய இருப்பதால் லத்தீனில் கரடியின் பெயரே இதற்கு வந்தது. ஆனால் இது அந்த சென்சாரைத் தட்டி எழுப்புவதில்லை. கல்லீரலுக்குள் பித்தக் குழாய்கள் சிதையும் பிபிசி நோயில் கொலஸ்ட்ரால் தானாகவே ஏறும். உர்சோ கொடுத்தால் அது ஓரளவு இறங்கும். அதற்காக இதையே கொலஸ்ட்ரால் மாத்திரையாக நினைத்து ஸ்டாட்டினை நிறுத்திவிடக் கூடாது.

கொலஸ்டிரமின் எடுப்பவர்களுக்கு ஒரு விஷயம்: அது மற்ற மருந்துகளையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும், உர்சோ உட்பட. எனவே மற்ற மாத்திரைகளை அதற்கு ஒரு மணி நேரம் முன்போ, 4 முதல் 6 மணி நேரம் கழித்தோ போடச் சொல்வார்கள். டிரைகிளிசரைடு அதிகம் இருந்தால் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இந்தப் பவுடர் அதை இன்னும் ஏற்றிவிடும்.