‘நான்’ என்று பாடுவது குற்றமா?



சில மாதங்களுக்கு முன் கல்லூரியில் படிக்கும் என் மகள் இரண்டு நுழைவுச் சீட்டுகளோடு வந்து நின்றாள். “அப்பா, ஒரு பாட்டு நிகழ்ச்சி. முடிய ராத்திரி ஆயிடும். துணைக்கு வாங்கப்பா” என்றாள். பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த பணத்தில் வாங்கிய சீட்டுகள். விலையைக் கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது. நம் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரின் பல நாள் கூலி அது! இருந்தாலும் பெண்பிள்ளையைத் தனியே அனுப்ப மனமில்லாமல் போனேன்.

பாடியவர் பிரதீக் குஹாத். ஜெய்ப்பூரில் பிறந்து நியூயார்க்கில் படித்தவர். தாமே எழுதி, தாமே மெட்டமைத்து, இந்தியிலும் ஆங்கிலத்திலும் பாடுகிறவர். 2019-இல் தமக்குப் பிடித்த பாடல்களின் பட்டியலை வெளியிட்ட ஒபாமா, அதில் இவர் பாட்டொன்றையும் சேர்த்திருந்தார்.

மேடையில் கிதாரோடு நின்று மெல்லிய குரலில் பாடினார். பிரிந்து போனவளைப் பற்றி, தூக்கம் வராத இரவைப் பற்றி, தன் தவறுகளைப் பற்றி. யாரையும் சாடவில்லை; எதையும் கோரவில்லை. ஆயிரக்கணக்கான இளைஞர்கள் கூடவே முணுமுணுத்தார்கள். “வயிறு நிறைந்தவர்களின் சோகம்” என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

பக்கத்தில் ஓர் இளைஞன் அழுதுகொண்டிருந்தான். பேச்சுக் கொடுத்தேன். ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறதாம். ஊரில் தாயார் தனியாக இருக்கிறாராம். அவனும் நம்மைப் போல் பிழைக்க வந்தவன்தானே! என் சிரிப்பு அடங்கிவிட்டது.

அப்போது என் தகப்பனார் நினைவுக்கு வந்தார். வட ஆற்காட்டிலிருந்து வந்து ரயில்வேயில் கலாசியாகச் சேர்ந்து, லாலாகுடாவில் ஓர் அறையில் எங்களை வளர்த்தவர். வேலை முடிந்து வந்தால் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து ஏதோ ஒரு பாட்டை வாய்க்குள்ளேயே பாடுவார். சினிமாப் பாட்டல்ல, அவராகக் கட்டியது. ஊர் ஏரியும் செத்துப்போன அவருடைய தங்கையும் அதில் வருவார்கள். என்ன பாட்டு என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அவரும் போய்விட்டார், பாட்டும் போய்விட்டது.

அதைவிடக் கசப்பான உண்மை ஒன்றுண்டு. என் மகளும் நோட்டுப் புத்தகத்தில் பாட்டு எழுதுகிறாள். ஒருமுறை அதைப் பார்த்துவிட்டு, “ஊரே போராடிக்கொண்டிருக்கும்போது உனக்கென்னம்மா தனிச் சோகம்?” என்று கேட்டவன் நான்தான். அதன்பிறகு அவள் அந்த நோட்டை என் கண்ணில் காட்டியதில்லை.

தோழர்களே, நம் மேடைகளில் எப்போதும் ‘நாம்’ என்றே பாடுகிறோம். அது தேவை, அதில் எனக்கு ஐயமில்லை. இந்த ஐதராபாத் நகரத்தில் தோளில் கம்பளியும் காலில் சலங்கையுமாக ஆடிப் பாடிய கத்தர், 2023-இல் மறையும்வரை மக்களின் குரலாக இருந்தார். ஒரு காலத்தில் என்னைப்போல் எழுத்தராக, வங்கியில் வேலை பார்த்தவர் அவர். ஆனால் அவருடைய மெட்டுகள் எங்கிருந்து வந்தன? வயலிலும் வாசலிலும் பெண்கள் தங்கள் பாட்டைச் சொல்லிப் பாடியதிலிருந்து வந்தன. ‘நான்’ என்று பாடியவர்கள் இருந்ததால்தான் ‘நாம்’ என்ற பாட்டுக்கு உயிர் வந்தது.

நம் ஒப்பாரி என்ன? தன் துயரத்தைத் தன் வாயாலேயே கட்டிப் பாடுவதுதானே? அதில் கண்ணீரும் உண்டு, கேள்வியும் உண்டு. இழவு வீட்டில் உட்கார்ந்தே பங்காளியையும் கடன்காரனையும் பெயர் சொல்லிக் கேட்டுவிடுவாள் நம் பாட்டி. தேயிலைத் தோட்டத்துக்குப் போன நம் மக்களும் அப்படித்தான் பாடினார்கள். கங்காணியின் கொடுமையையும் விட்டு வந்த ஊரையும் பாடிய அந்தப் பாடல்களைத் திரட்டியவர் யார்? சி. வி. வேலுப்பிள்ளை என்ற தொழிற்சங்கவாதி. 1947-இல் தலவாக்கலையிலிருந்து இலங்கை நாடாளுமன்றத்துக்குப் போனவர். 1948-இன் குடியுரிமைச் சட்டம் அவருடைய மக்களை நாடற்றவர்களாக்கியதைக் கண்ணால் கண்டவர். அவ்வளவு போராட்டத்துக்கு நடுவிலும், தனி மனிதர்களின் பாட்டை அவர் காப்பாற்றினார்.

“சோகப் பாட்டு போராட்ட உணர்வை மழுங்கடிக்காதா?” என்று சில தோழர்கள் கேட்கலாம். இருபது வருடமாகச் சந்தா வசூலிக்க வீடுவீடாக ஏறி இறங்குகிறவன் சொல்கிறேன். “எப்படி இருக்கீங்க?” என்றால் “ஒண்ணுமில்ல, நல்லா இருக்கேன்” என்பார்கள். உள்ளே குடியும் கடனும் பேச்சற்ற வீடும் இருக்கும். வாயைத் திறந்து தன் குறையைச் சொல்லத் தெரியாதவன், பக்கத்து வீட்டுக்காரன் குறையை எப்படிக் கேட்பான்? ஒருவர் குறையை ஒருவர் கேட்காமல் சங்கம் ஏது?

குஹாத்தைப் பின்பற்றச் சொல்லவில்லை. சீட்டு வாங்க முடிந்தவர்களுக்குத்தான் அந்த ஆறுதல். அந்த இளைஞனின் தாயார் ஏன் தனியாக இருக்கிறார் என்று அந்தப் பாட்டு கேட்காது. நம் பாட்டு அதையும் கேட்கவேண்டும்.

ஆகவே என் யோசனை இதுதான். ஆண்டு விழாச் செலவில் பெரும்பகுதி சினிமாப் பாட்டுப் பாடும் மெல்லிசைக் குழுவுக்குப் போகிறது. இந்த ஆண்டு ஒரு மணி நேரத்தை நம் வீட்டாருக்கு ஒதுக்குவோம். தாமே கட்டிய பாட்டை யாரும் பாடலாம். குரல் நடுங்கினாலும் பரவாயில்லை. பிள்ளைகள் தாத்தா பாட்டிகளின் பாட்டைக் கைப்பேசியில் பதிவு செய்யட்டும். பஞ்சாரா ஹில்ஸில் 2010 முதல் ஒரு வீட்டையே பொதுமேடையாகத் திறந்து வைத்திருக்கிறார்கள். ‘லாமகான்’ என்று பெயர். உருதுவில் வீடற்றது என்று பொருள். ஊர்விட்டு வந்த நமக்குப் பொருத்தமான பெயர்! அங்கேயும் ஒரு மாலை கேட்டுப் பார்ப்போம்.

அன்றிரவு திரும்பும் வழியில் மகளிடம், “அந்த நோட்டு இன்னும் இருக்காம்மா?” என்று கேட்டேன். உடனே பதில் சொல்லவில்லை. வீட்டு வாசலுக்கு வந்தபின், “இருக்குப்பா. ஆனா சிரிக்கக் கூடாது” என்றாள்.

சிரிக்க மாட்டேன். நீங்களும் சிரிக்காதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.