நிறம் போச்சு, உப்பு போச்சா?

 

"சாயத் தண்ணியை இனி இயற்கை முறையிலேயே சுத்தம் பண்ணிடலாம், கவலையை விடுங்க" என்று ஒரு பேச்சு ஊருக்குள் அடிபடுகிறது. தேங்காய் நார்க்கழிவு, நெல் உமி, முருங்கை விதை, ஆகாயத்தாமரை இருந்தால் போதுமாம். நம்ம காட்டில் கிடைக்கிற பொருள்தானே, கேட்க நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் ஏற்கெனவே சூடு பட்டவர்கள் நாம். கேட்க வேண்டியதைக் கேட்காமல் தலையாட்ட மாட்டோம்.

இயற்கைப் பொருளுக்கு நாங்கள் எதிரி அல்ல. குடத்துக்குள் தேத்தாங்கொட்டையைத் தேய்த்துக் கலங்கல் தண்ணியைத் தெளிய வைத்தவர்கள் நம் பாட்டிமார். முருங்கை விதையில் உள்ள புரதம் மண் துகள்களை ஒன்றுசேர்த்து அடியில் படிய வைக்கும். உமியும், நார்க்கழிவும், சிரட்டைக் கரியும் சாயத்தைத் தம்மேல் ஒட்டி இழுத்துக்கொள்ளும். ஆகாயத்தாமரை வேர் உலோக நஞ்சை உறிஞ்சும். இதெல்லாம் உண்மை.

ஆனால் நம்ம மண்ணைக் கொன்றது நிறமா? இல்லை, உப்பு! பருத்தித் துணியில் சாயம் ஏற மூட்டை மூட்டையாக உப்புப் போடுகிறார்கள். தண்ணியில் கரைந்துபோன அந்த உப்பை உமியும் பிடிக்காது, முருங்கை விதையும் பிடிக்காது. சிவப்புத் தண்ணி இளநீர் மாதிரித் தெளிந்துவிடும், உப்பு அப்படியே நிற்கும். சந்தேகமா? தெளிந்த தண்ணியைத் தட்டில் ஊற்றி வெயிலில் காய வையுங்கள். அடியில் வெள்ளையாகப் பூத்து நிற்பது என்னவென்று பாருங்கள்! அதுதான் நம்ம வயலை இறுக்கியது, தென்னையைக் காய வைத்தது, கிணற்றைக் கெடுத்தது.

ஆற்றில் விடும் கழிவில் கரைந்த உப்பு லிட்டருக்கு 2100 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. அந்த விதியை மதிக்காததால்தானே, பாசனத்துக்கென்று 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியானது? மதகைத் திறக்காதே என்று விவசாயியே கெஞ்சிய கொடுமை வேறெங்கே நடந்தது?

ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றப் படியேறிப் போராடினார்கள். ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக் கூடாது என்று 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2009இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. இத்தனை பாடுபட்டு வாங்கிய உரிமையை ஒரு மூட்டை உமிக்கு விற்றுவிடுவதா?

இன்னொன்றும் கேளுங்கள். நஞ்சை உறிஞ்சிய நார்க்கழிவை எங்கே கொட்டுவார்கள்? எரித்தால் உலோகம் சாம்பலில் நிற்கும். மக்க வைத்து உரமாகப் போட்டால் திரும்ப நம்ம வயலுக்கே வரும். "இலவச உரம்" என்று யாராவது வண்டியில் கொண்டுவந்தால் வாங்காதீர்கள்! எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள், வண்டி எண்ணைக் குறித்து வையுங்கள்.

எங்கள் கோரிக்கைகள்:

1. நிறத்தைப் பார்த்து அல்ல, உப்பை அளந்து சான்று கொடு!
2. இயற்கைப் பொருளைப் பயன்படுத்து, ஆனால் பட்டறைக்குள்ளேயே. உப்பை நீக்கும் ஆர்.ஓ., ஆவியாக்கும் இயந்திரம் இவற்றுக்கு அதை மாற்று என்று சொல்லாதே!
3. நஞ்சேறிய நார், உமி, கரியை அபாயக் கழிவாகக் கணக்கு வைத்து அப்புறப்படுத்து!
4. கரையோர ஊர்க் கிணறுகளை அளந்து, முடிவை ஊராட்சிப் பலகையில் எழுதிப் போடு!

விவசாயிகளே! அடுத்த கிராம சபையில் உங்கள் கிணற்றுத் தண்ணியை ஒரு பாட்டிலில் கொண்டு வாருங்கள். அளந்து காட்டு என்று கேளுங்கள். தனியாகக் கேட்டால் மனு, ஊரே சேர்ந்து கேட்டால் போராட்டம்!

தெளிந்த தண்ணியெல்லாம் நல்ல தண்ணி அல்ல!
நொய்யலை மீட்போம்! மண்ணைக் காப்போம்!