வாசலில் காவல் வேண்டும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணினி அறிவியல் மாணவன் எழுதியது)

இன்றைய உலகம் விஞ்ஞான உலகம் என்று மேடைதோறும் கேட்கிறோம். அந்த விஞ்ஞானம் நம் கைக்குத் தந்த கருவிகளுள் மின்னஞ்சல் மிக எளிமையானது. 1971-ஆம் ஆண்டில் ரே டாம்லின்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொரு கணிப்பொறிக்குச் செய்தி அனுப்பிப் பார்த்தபோது அது வெறும் சோதனை. இன்றோ கல்லூரிச் சேர்க்கை, உதவித்தொகை, தேர்வு அறிவிப்பு, வேலைக்கான அழைப்பு யாவும் அந்த வழியாக வருகின்றன. எங்கள் குடும்பத்தில் மின்னஞ்சல் முகவரி என்று ஒன்றை முதலில் பெற்றவன் நான். பட்டப்படிப்பை எட்டிப் பிடித்த முதல் தலைமுறையினருக்கு அது ஒரு வாசல்.

நற்செய்தி நுழையும் அதே வாசலில் திருடனும் நுழைகிறான். வைரஸ் என்றும் தீநிரல் என்றும் நாம் அழைக்கும் கேடுகள் பெரும்பாலும் கடித உருவிலேயே ஒரு நிறுவனத்திற்குள் புகுகின்றன. அவ்வாறாயின் வாசலைக் காக்கும் பொறுப்பு யாருடையது? கடிதத்தைப் பிரிப்பவருடையதா, அதை வாங்கி உள்ளே அனுப்பும் நிறுவனத்தினுடையதா? நிறுவனத்தினுடையதே என்பது என் உறுதியான கருத்து.

புத்திமதி போதுமா?

"முன்பின் தெரியாதவர் அனுப்பும் கடிதத்தைத் திறக்காதே" என்ற அறிவுரை எங்கும் சொல்லப்படுகிறது. அது நல்ல அறிவுரைதான். ஆனால் அது மட்டும் போதாது என்பதற்கு வரலாறே சாட்சி.

1999 மார்ச் 26 அன்று மெலிசா என்ற வைரஸ் பரவத் தொடங்கியது. அது வேர்டு ஆவணம் ஒன்றின் மேக்ரோவில் ஒளிந்திருந்தது. திறந்தவரின் அவுட்லுக் முகவரிப் பட்டியலில் முதல் 50 பேருக்கு அது தன்னைத்தானே அனுப்பிக்கொண்டது. அடுத்த ஆண்டு, 2000 மே 4 அன்று, பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து புறப்பட்டது 'ஐ லவ் யூ' என்ற தலைப்புடைய கடிதம். அதனுடன் வந்த இணைப்பு சாதாரண எழுத்துக் கோப்பைப் போலத் தோன்றியது. பெயரின் கடைசியில் இருந்த '.விபிஎஸ்' என்ற உண்மையான அடையாளத்தை விண்டோஸ் வழக்கப்படி மறைத்துவிட்டதே அதற்குக் காரணம். திறந்த மாத்திரத்தில் அது பட்டியலில் இருந்த அனைவருக்கும் பறந்தது. கணிப்பொறியில் இருந்த படங்களையும் அழித்து எழுதியது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மக்களவையே தன் மின்னஞ்சலைச் சிறிது நேரம் நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் கடிதங்கள் அந்நியரிடமிருந்து வரவில்லை. நண்பர் பெயரிலும், மேலதிகாரி பெயரிலும், உடன் பணிபுரிபவர் பெயரிலும் வந்தன. தெரிந்தவர் கடிதத்தைத் திறந்தவரை எப்படிக் குறை சொல்வது?

மேலும், அந்நியர் கடிதத்தைத் திறப்பதையே தொழிலாகக் கொண்டவர்களும் இருக்கிறார்கள் அன்றோ? கல்லூரிச் சேர்க்கைப் பிரிவில் அமர்ந்திருக்கும் எழுத்தருக்கு விண்ணப்பம் அனுப்பும் ஒவ்வொரு மாணவரும் அந்நியரே. மருத்துவமனை அலுவலகத்திலும், கூட்டுறவு சங்கத்திலும் இதே நிலைதான். ஒரு நாளில் நூறு இணைப்புகளைத் திறக்கப் பணித்துவிட்டு, அவற்றுள் ஒன்று நஞ்சாகப் போனதும் "நீ ஏன் திறந்தாய்?" என்று அவரை நிற்கவைத்துக் கேட்பது நீதியாகுமா?

காவலன் செய்யும் வேலை

ஆகவே, கடிதம் மேசைக்கு வந்து சேரும் முன்பே, அஞ்சலைப் பெறும் சர்வரிலேயே சோதனை நடக்க வேண்டும். இணைப்புகள் பயணத்திற்காக எழுத்துக்களாக மாற்றப்பட்டு வருகின்றன. சோதனை நிரல் முதலில் அவற்றைப் பழைய உருவத்திற்குக் கொண்டுவருகிறது. ஜிப் மூட்டையாக இருந்தால் அவிழ்த்து, உள்ளே மூட்டைக்குள் மூட்டை இருந்தால் அதையும் அவிழ்த்துப் பார்க்கிறது. பின்னர் ஏற்கெனவே அறியப்பட்ட தீநிரல்களின் அடையாளங்களோடு ஒப்பிடுகிறது. காவல் நிலையத்தில் கைரேகையை ஒப்பிடுவதைப் போன்றது இது. ஐயத்திற்குரிய கடிதம் தனியே நிறுத்தப்படுகிறது; அல்லது வாசலிலேயே திருப்பி விடப்படுகிறது.

உள்ளே வரும் கடிதத்தை மட்டுமன்றி வெளியே செல்லும் கடிதத்தையும் சோதிப்பது அவசியம். நம் வீட்டு நோயை அடுத்த வீட்டுக்கு அனுப்பாதிருப்பதும் ஒரு கடமையே. மற்றொரு நுட்பமும் உண்டு. தீநிரல்கள் அனுப்புநர் பெயரைப் பொய்யாக இட்டுக்கொள்வது வழக்கம். ஆதலால் "உங்கள் கடிதத்தில் வைரஸ் உள்ளது" என்று அந்தப் பெயருக்குத் தானாகப் பதில் அனுப்பும் ஏற்பாடு, குற்றமற்ற ஒருவரைத்தான் தொல்லைப்படுத்தும்.

குறைகளும் உண்டு

ஆன்ட்டிவைரஸ் இருந்தால் அனைத்தும் காக்கப்படும் என்று நான் வாதிட வரவில்லை. எல்லா வைரஸையும் பிழையின்றிக் கண்டுபிடிக்கும் ஒரே நிரல் சாத்தியமன்று என்பதை ஃபிரெட் கோஹன் 1984-இல் வெளியான தம் ஆய்வுரையிலேயே விளக்கிவிட்டார். நேற்றைய கைரேகைப் பட்டியல் இன்று பிறந்த திருடனைக் காட்டிக்கொடுக்காது. பூட்டிய மூட்டைக்குள் சோதனை நிரலால் நுழைய முடியாது. 2004-இல் பரவிய பேகிள் என்ற தீநிரல் இதை அறிந்து, தன்னைக் கடவுச்சொல்லிட்ட ஜிப் மூட்டைக்குள் வைத்து, கடவுச்சொல்லைக் கடிதத்திலேயே எழுதி அனுப்பியது! இணைப்பே இல்லாமல் ஒரு சுட்டியை மட்டும் தாங்கி வரும் கடிதங்களும் உண்டு.

அதனால்தான் காவலன் ஒருவன் போதாது, கட்டுப்பாடும் வேண்டும் என்கிறேன். ஓர் அலுவலகத்திற்கு வரும் விண்ணப்பத்தில் இயங்கும் நிரல் எதற்கு? அத்தகைய கோப்பு வகைகளை வைரஸ் உண்டா இல்லையா என்று பாராமலே நிறுத்திவிடலாம். இந்த விதி இருந்திருந்தால், அடையாளம் அறியப்படாத முதல் நாளிலேயே 'ஐ லவ் யூ' வாசலோடு நின்றிருக்கும். 2017-இல் ஜிமெயில் ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளை இணைக்கத் தடை விதித்ததும், 2022-இல் மைக்ரோசாஃப்ட் இணையத்திலிருந்து வரும் ஆவணங்களின் மேக்ரோக்களை இயங்காமல் தடுக்கத் தொடங்கியதும் இந்த வழியைப் பின்பற்றியே.

இரு மறுப்புகள்

"இதற்குப் பணம் எங்கே?" என்பது முதல் மறுப்பு. கிளாம்ஏவி என்ற சோதனை நிரல் இலவசமாகவே கிடைக்கிறது. அதன் மூல நிரலையும் எவரும் படிக்கலாம். தேவைப்படுவது அதை நிறுவி, அடையாளப் பட்டியலை நாள் தவறாமல் புதுப்பிக்கும் அக்கறை. காவல் விழித்திருக்கிறதா என்று பார்க்கவும் வழி உண்டு. எய்கார் சோதனைக் கோப்பு என்ற 68 எழுத்துக்கள் கொண்ட தீங்கற்ற கோப்பை அனுப்பிப் பார்த்தால் போதும். பேராசிரியர்களின் மேற்பார்வையில் நம் போன்ற மாணவர்கள் ஆய்வகத்திலேயே செய்து பழகக்கூடிய பயிற்சி இது. அஞ்சலை வெளி நிறுவனத்திடம் ஒப்படைத்திருப்போர், அங்கே என்ன சோதனை நடக்கிறதென்று கேட்டறிய வேண்டும்.

"பிறர் கடிதத்தைப் படிப்பது முறையா?" என்பது இரண்டாவது மறுப்பு. இது மதிக்கத்தக்க கேள்வி. நிரல் ஒப்பிடுகிறதே தவிர, பொருளுணர்ந்து படிப்பதில்லை. ஆயினும் நிறுத்திவைக்கப்பட்ட கடிதத்தை யார், எப்போது திறக்கலாம் என்பதை நிறுவனம் எழுத்தில் வரையறுக்க வேண்டும். பெறுநருக்கும் தெரிவிக்க வேண்டும். இல்லையேல் நல்ல விண்ணப்பம் ஒன்று காவலில் சிக்கி, ஓர் ஏழை மாணவனின் கடைசி நாள் கடந்துபோகக்கூடும்.

நம் நாட்டில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 அக்டோபர் 17 முதல் நடைமுறையில் உள்ளது. பிறர் கணிப்பொறியில் வைரஸைப் புகுத்துவோர் அதன்படி பொறுப்பேற்க வேண்டும். ஆனால் சட்டம் வருவது களவு போன பிறகு. அழிந்த கோப்பைச் சட்டம் மீட்டுத் தராது.

நாளை நம்மில் பலர் அலுவலகங்களில் அமரப் போகிறோம். சிலர் கடிதம் பிரிக்கும் மேசையில் இருப்போம். சிலர் ஆணையிடும் நாற்காலியில் இருப்போம். அந்த நாற்காலியில் அமர்பவர்கள், கீழே இருப்பவரின் கவனத்தை மட்டுமே நம்பி ஒரு நிறுவனத்தை நடத்தலாகாது. கவனத்தைக் கற்றுக்கொடுப்போம், அதற்கு முன் காவலை ஏற்படுத்துவோம். வெள்ளம் வருமுன் அணை போடுவதே அறிவுடைமை. அணை போட வேண்டியவர்கள் ஊரை ஆள்பவர்கள். வெள்ளத்தில் நனைந்தவர்கள் அல்லர்.