கொழுப்பும் பேசுமா?

பருத்த சரீரம் படைத்தவரைக் கண்டதும் நம்மில் பலர் நீதிபதி ஸ்தானத்தில் ஏறி உட்கார்ந்துகொள்கிறோம். "வாயைக் கட்டத் தெரியாதவர்" என்று ஒரே வரியில் தீர்ப்பும் எழுதிவிடுகிறோம். இந்தத் தீர்ப்பின்மேல் அப்பீல் செய்த பெருமை ஒரு சுண்டெலிக்கு உரியது என்றால் நேயர்கள் நகைக்கக் கூடாது.

அமெரிக்காவில் மெயின் மாகாணத்தைச் சேர்ந்த பார் ஹார்பரில் ஜாக்ஸன் ஆராய்ச்சிசாலை இருக்கிறது. 1949-ம் வருஷத்தில் அங்கே வளர்ந்த எலிகளில் சில, ஓயாமல் தின்று பந்துபோல் ஊதின. பெற்ற எலிகளோ சாதாரண சரீரம் உடையவை! பிற்காலத்தில் டக்ளஸ் கோல்மன் என்னும் விஞ்ஞானி, இத்தகைய எலி ஒன்றையும் சாதாரண எலி ஒன்றையும் சேர்த்துத் தைத்து, இரண்டின் ரத்தமும் கலக்கும்படி செய்தார். பருத்த எலிக்குத் தீனி குறைந்தது. "போதும்" என்று சொல்லும் ஏதோ ஒரு வஸ்து, அதன் ஜோடியின் ரத்தத்திலிருந்து வந்திருக்க வேண்டும் அல்லவா?

1994-ல் நியூயார்க் ராக்பெல்லர் சர்வகலாசாலையில் ஜெப்ரி ப்ரீட்மன் குழுவினர் அதற்குரிய மரபணுவைக் கண்டுபிடித்தனர். அந்த வஸ்துவுக்கு 'லெப்டின்' என்று பெயர். அதை உண்டாக்குவது எது தெரியுமா? சாக்ஷாத் கொழுப்பேதான்! வெறும் களஞ்சியம் என்று நாம் எண்ணியிருந்த கொழுப்பு, மூளைக்கு ஓயாமல் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறது.

1997-ல் கேம்பிரிட்ஜ் விஞ்ஞானிகள், இந்த மரபணு பழுதுபட்ட இரு குழந்தைகளைப் பற்றி வெளியிட்டார்கள். அவர்களில் ஒரு சிறுமி ஒன்பதாவது வயதில் 94 கிலோ இருந்தாள். லெப்டின் ஊசி போட்டதும் அவளுடைய அடங்காத பசி அடங்கிற்று. ஒரு வருஷத்தில் 16 கிலோ குறைந்தாள். அதற்கு முன் எத்தனை பேர் அவளைப் பெருந்தீனிக்காரி என்று நினைத்திருப்பார்களோ!

ஆனால் எல்லோருக்கும் இந்த ஊசி பலிக்காது. பருத்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு லெப்டின் ஏராளமாகவே சுரக்கிறது, மூளைதான் செவிசாய்ப்பதில்லை. கொழுப்பு பெருகப் பெருக, அது சுரக்கும் 'அடிப்போனெக்டின்' குறைகிறது. இன்ஸுலினுக்குத் துணை நிற்பது இதுவே. துணை போனபின், தசையும் ஈரலும் இன்ஸுலின் சொல்லை மதிப்பதில்லை. கணையம் மேலும் மேலும் சுரந்து பார்க்கிறது. அது களைத்துப்போனால் நீரிழிவு வந்து சேருகிறது.

பரம்பரைக்கும் இதில் பங்கு உண்டு. 2007-ல் அறியப்பட்ட 'எப்.டி.ஓ.' என்னும் மரபணுவின் ஒரு வகையைத் தாய் தந்தை இருவரிடமிருந்தும் பெற்ற ஐரோப்பியர்கள், அதை அறவே பெறாதவர்களைவிடச் சராசரி 3 கிலோ கூடுதலாக இருந்தார்கள். மூன்று கிலோதான், தலைவிதி அல்ல. நடையும் மிதமான ஆகாரமும் கொண்டு எடையைச் சிறிது குறைத்தாலும், இன்ஸுலினுக்குத் தன் பழைய அதிகாரம் ஓரளவு திரும்புகிறது.

ஆகவே முயற்சியைக் கைவிட வேண்டாம். ஏளனத்தைக் கைவிடலாம். அடுத்த கல்யாணப் பந்தியில், பருத்த குழந்தையின் இலையைப் பார்த்துக் கேலி செய்ய வாயெடுக்கும் மாமாக்கள், அந்தக் கேலியைப் பாயஸத்துடன் சேர்த்து விழுங்கிவிடுவார்களாக!