ஒரே அணி... மூன்று கட்சி!

சினிமா நட்சத்திரம் அரசியலுக்கு வந்தால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. வாலிபால் வீராங்கனைகள் வந்தால்? தென் அமெரிக்காவின் பெரு நாட்டில் வந்தார்கள். அதுவும் வரிசையாக!

1988, சியோல் ஒலிம்பிக். பெண்கள் வாலிபால் இறுதிப்போட்டியில் சோவியத் யூனியனை எதிர்த்து பெரு. முதல் இரண்டு செட்டும் பெருவுக்கு. மூன்றாவது செட்டிலும் 12-6 என்று முன்னிலை. இன்னும் மூன்றே பாயின்ட், தங்கம் கையில்! அங்கேதான் ஆட்டம் மாறியது. அந்த செட் 15-13 என்று போனது. நாலாவதும் போனது. ஐந்தாவது செட் 17-15. கிடைத்தது வெள்ளி.

ஆனால், பெரு மக்கள் அந்தப் பெண்களைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். குழு விளையாட்டில் அந்த நாடு வாங்கிய ஒரே ஒலிம்பிக் பதக்கம் இன்றுவரை அதுதான்.

அந்த அணியின் புயல், செசிலியா டெய்ட். லிமாவின் தெற்கே, எளிய மக்கள் வாழும் பகுதியில் பிறந்தவர். இடது கையால் அவர் அடிக்கும் அடிக்காகவே 'தங்க இடக்கை' என்று பட்டப்பெயர். 2000-ம் ஆண்டு, அதிபர் ஃபுஜிமோரி ஆட்சியில் இருந்தபோதே எதிர்க்கட்சி வேட்பாளராக நின்று நாடாளுமன்றம் போனார். 2006-ல் அவருடைய தோழிகள் கேப்ரியலா பெரெஸ் டெல் சோலாரும், செனைடா உரிபேயும் வென்றார்கள்.

சுவாரஸ்யம் 2011-ல்தான். மூவரும் ஒரே சபையில்... ஆனால், மூன்று வெவ்வேறு அணிகளில்! உரிபே ஆளுங்கட்சிப் பக்கம். அடுத்த தலைமுறை வீராங்கனை லேலா சிவானும் அதே தேர்தலில் ஜெயித்து, ஃபுஜிமோரியின் மகள் கெய்கோவின் கட்சி சார்பில் உள்ளே வந்தார். 130 பேர் கொண்ட சபையில் நாலு வாலிபால் வீராங்கனைகள்!

கட்சிகள் ஏன் இவர்களைத் தேடிப் போயின? பெருவில் அப்போது வாக்காளர் கட்சிச் சின்னத்தில் குறியிட்டுவிட்டு, அந்தக் கட்சியில் தனக்குப் பிடித்த வேட்பாளரின் எண்ணையும் எழுதலாம். பட்டியலில் நூறு பெயர் இருந்தாலும், வீட்டு டி.வி-யில் பார்த்துக் கைதட்டிய முகம்தானே முதலில் ஞாபகம் வரும்?

அந்தக் கைதட்டலுக்கும் ஓர் எல்லை உண்டு. எம்.பி சம்பளம் தன் வாழ்க்கைத்தரத்துக்குப் போதவில்லை என்று சிவான் ஒருமுறை சொல்லப்போக, நாடே அவரை வறுத்தெடுத்தது. ரசிகராக இருந்தவர் வாக்காளராக மாறியதும் கேள்வியும் மாறிவிடுகிறது. 'எத்தனை பாயின்ட் எடுத்தாய்?' என்பது போய், 'எங்களுக்கு என்ன செய்தாய்?' என்று கேட்பார்.

விளையாட்டு வீரர்கள் அரசியலுக்கு வரட்டும். தோற்ற மறுநாளும் பயிற்சிக்கு வந்து நிற்கும் பழக்கம் சபைக்கும் தேவை. வாலிபாலில் பந்தைப் பிடித்துவைத்துக்கொள்ள முடியாது. அடுத்தவருக்குத் தூக்கிக் கொடுத்தே ஆக வேண்டும். அந்தக் குணத்தையும் கொண்டுவந்தால் இன்னும் நல்லது.

பதக்கத்தைப் பார்த்து ஒருமுறை ஓட்டுப் போடலாம். இரண்டாவது முறை கேட்டு வரும்போது எதைப் பார்த்துப் போடுவீர்கள்? வீட்டில் பேசிப் பாருங்கள்!