சிறுத்தையா, கரடியா? நிபுணர் சாட்சியின் பலம் எங்கே இருக்கிறது?

2025 ஆகஸ்ட் மாதம். வால்பாறை வேவர்லி எஸ்டேட்டில், அசாமிலிருந்து வேலைக்கு வந்த குடும்பத்தின் 8 வயதுச் சிறுவன் வனவிலங்கு தாக்கி இறந்தான். ‘சிறுத்தைதான்’ என்று முதலில் பேச்சு. ஜூனில்தான் பச்சமலை எஸ்டேட்டில் ஒரு குழந்தையைச் சிறுத்தை கொன்றிருந்தது. ஆனால், உடலில் இருந்த காயங்களைப் பரிசோதித்த பிறகு, தாக்கியது கரடி எனத் தெரியவந்தது.

சம்பவத்தை நேரில் பார்க்காத ஒருவர், காயத்தை வைத்து நடந்ததைச் சொல்கிறார். இதே வேலையைக் கோர்ட்டில் செய்பவர்தான் நிபுணர் சாட்சி. மலையில் ஒரு தொழிலாளி இறந்து கிடந்தால், தவறி விழுந்தாரா, யாராவது அடித்தார்களா? வழக்கே அந்தப் பதிலில்தான் நிற்கும்.

யார் நிபுணர்?

பழைய சாட்சியச் சட்டத்தின் 45-வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 39-வது பிரிவாகிவிட்டது. அறிவியல், கலை, கையெழுத்து, கைரேகை என்று இருந்த பட்டியலில் இப்போது ‘வேறு எந்தத் துறையும்’ சேர்ந்திருக்கிறது.

அதற்காகப் பதவி இருந்தாலே நிபுணர் ஆகிவிட முடியாது. இமாச்சலில் 1983-ல் நோய் தாக்கிய ஆப்பிள்களை அரசே விலைக்கு வாங்கியது. விளைந்ததைவிட அதிகமாகக் கணக்குக் காட்டினார்கள் என்று வழக்கு. தோட்டத்தின் விளைச்சலை மதிப்பிட்ட தோட்டக்கலை அதிகாரியின் சாட்சியத்தை 1999-ல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. விளைச்சலைக் கணக்கிடுவதில் அவருக்குத் தனிப் பயிற்சியோ ஆய்வோ இல்லை என்பதே காரணம். நிபுணர் தருவது ஆலோசனைதான், முடிவெடுப்பது நீதிபதி என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது.

ரிப்போர்ட் மட்டும் போதுமா?

போதாது. சில அரசு ஆய்வக அறிக்கைகளுக்கு விலக்கு உண்டு. மற்றபடி, எதிர்த்தரப்பு மறுத்தால் நிபுணர் கூண்டேறி, குறுக்கு விசாரணைக்குப் பதில் சொல்லணும். அடிப்படைத் தரவும் காரணமும் இல்லாத வெறும் கருத்து, நிபுணரே சொன்னாலும் சாட்சியம் ஆகாது என்று 2009-ல் ஒரு மருத்துவ அலட்சிய வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

டாக்டர் மாறிப் போய்விட்டால்?

மலை ஊர்களுக்கு முக்கியமான கேள்வி இது. வழக்கு விசாரணைக்கு வருவதற்குள் போஸ்ட்மார்ட்டம் செய்த டாக்டர் டிரான்ஸ்ஃபர் ஆகியிருப்பார். அப்படிப்பட்ட நேரத்தில் அந்த இடத்துக்கு வந்தவரே சாட்சி சொல்லலாம், வீடியோ வழியாகவும் சொல்லலாம் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் 336-வது பிரிவு. ஆழியாரிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறி வரும் ஊருக்கு இது வசதிதான்.

ஆனால், புதிதாக வந்த டாக்டர் அந்த உடலைப் பார்த்தவர் இல்லை. அவர் கையில் இருப்பது பேப்பர் மட்டும்தான். அதில் ‘தலையில் காயம்’ என்று ஒரே வரி இருந்தால், எந்த ஆயுதம், எந்தக் கோணம் என்ற கேள்விக்கு அவரால் என்ன சொல்ல முடியும்? சந்தேகத்தின் பலன் எதிரிக்குப் போகும். இல்லையென்றால், நிரபராதி ஒருவர் அரைகுறை ரிப்போர்ட்டோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

ஆகவே, வசதியான சட்டம் வந்துவிட்டது என்று விட்டுவிடக் கூடாது. காயத்தின் நீளம், ஆழம், இடம், போட்டோ, ‘ஏன் இந்த முடிவு’ என்ற காரணம் எல்லாம் முதல் நாளிலேயே பதிவாக வேண்டும். வக்கீல்களும் விசாரணை நாள்வரை காத்திருக்காமல், ரிப்போர்ட் கைக்கு வந்ததுமே அதில் என்ன விடுபட்டிருக்கிறது என்று பார்க்கணும்.

வேவர்லியில் ஊர்ப்பேச்சைத் திருத்தியது காயங்களைக் கவனமாகப் பார்த்த பரிசோதனை. அதே கவனம் எழுத்திலும் இருந்தால்தான், ஐந்து வருஷம் கழித்தும் அது கோர்ட்டில் பேசும்.