பிள்ளையின் படிப்புப் பணத்தை எண்ணெய்க் கிணற்றில் போடாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

என்னிடம் படித்த பெண் ஒருத்தி போன வாரம் பேசினாள். கணவர் இல்லை. ஜவுளிக்கடைச் சம்பளத்தில் இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறாள். சீட்டு எடுத்த ஒன்றரை லட்சம் கையில் இருக்கிறது. "எண்ணெய் தேடுற கம்பெனி ஷேராம் டீச்சர். கிணத்துல எண்ணெய் வந்துட்டா பத்து மடங்காம். பெரியவனுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டிடலாம்ல?" என்று கேட்டாள். தகவல் வந்தது சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில். அவள் சம்மதத்தோடுதான், பெயர் சொல்லாமல் எழுதுகிறேன்.

இதைப் பேராசை என்று நான் சொல்லமாட்டேன். வங்கி வட்டியை நம்பினால் ஃபீஸ் கட்ட முடியாது என்று அவளுக்குத் தெரியும். அந்தத் தவிப்பைத்தான் இப்படிப்பட்ட செய்திகள் குறிவைக்கின்றன.

ஊரில் போர் போட்டவர்களுக்கு இது புரியும். நீரோட்டம் பார்த்து, இடம் குறித்து, ஆழமாக இறக்கியும் புழுதி மட்டுமே வந்த கிணறுகள் எத்தனை! எண்ணெய்க் கிணறும் அப்படித்தான், செலவு மட்டும் பல கோடி. இன்னும் எண்ணெய் எடுக்காத சிறிய கம்பெனிக்கு வேறு வருமானம் கிடையாது. தோண்டும் செலவெல்லாம் பங்கு வாங்கியவர்களின் பணம்.

கண்டுபிடித்தாலும் காசு உடனே வராது. ராஜஸ்தானில் கெய்ர்ன் நிறுவனம் மங்களா எண்ணெய் வயலைக் கண்டுபிடித்தது 2004இல். எண்ணெய் எடுக்கத் தொடங்கியது 2009இல். ஐந்து வருடம்! இவள் மகனுக்கு ஃபீஸ் கட்ட வேண்டியது இந்த ஜூனில். அதே கெய்ர்ன் 2010, 2011இல் கிரீன்லாந்துக் கடலில் எட்டுக் கிணறு தோண்டியது. வியாபாரத்துக்கு ஆகும் அளவு ஒன்றிலும் கிடைக்கவில்லை. பெரிய கம்பெனி, தாங்கிக்கொண்டது. ஃபாக்லாந்து தீவுகளில் எண்ணெய் தேடிய டிசையர் பெட்ரோலியம் என்ற சிறிய கம்பெனி, 2010 டிசம்பரில் எண்ணெய் கிடைத்துவிட்டது என்று அறிவித்தது. சில நாட்களிலேயே, வந்தது தண்ணீர்தான் என்றது. பங்கு விலை ஒரே நாளில் பாதியாகச் சரிந்தது.

நம் சந்தையில் இன்னொரு சிக்கலும் உண்டு. சிறிய பங்கு விழ ஆரம்பித்தால் தினமும் லோயர் சர்க்யூட்டில் நின்றுவிடும். விற்கலாம் என்றால் வாங்க ஆள் இருக்காது.

சம்பளம் மிச்சமாகிறவர் பத்தாயிரம் போட்டுப் பார்க்கலாம். போனால் வருத்தம், அவ்வளவுதான். இவள் வீட்டில் சம்பாதிப்பது ஒருத்தி மட்டும். இந்தப் பணம் போனால் படிப்பே நின்றுவிடும். கம்பெனி நல்லதா கெட்டதா என்று பார்ப்பதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும்.

பையன் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி மாணவன். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே கட்டும். தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும். வங்கிக் கல்விக் கடனில் 4 லட்சம் வரை சொத்துப் பிணை தேவையில்லை. இவற்றை எடுத்துச் சொன்னேன். சீட்டுப் பணம் இப்போது வங்கி டெபாசிட்டில் இருக்கிறது.

உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்தச் செய்தியை அனுப்பியவர் ஒரு பங்குகூட வாங்கவில்லையாம்! தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு டிப்ஸ் அனுப்பாதீர்கள். "ஃபீஸுக்கு எவ்வளவு குறையுது?" என்று கேளுங்கள். கல்விக் கடன் விண்ணப்பம் நிரப்ப ஒரு மணி நேரம் கூட உட்காருங்கள். வங்கியில் வேலை பார்க்கும் என் மாணவர்கள் கமெண்டில் கை தூக்குங்கள். உதவி கேட்டு வருபவர்களை உங்களிடம் அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்